மழலையின் அறிவை வளர்ப்பது தாயோடு ஆடும் விளையாட்டே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஆடித் திருவிழா நாளில் பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு சேலம் அம்மாபேட்டைத் திடலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மழலையின் அறிவை வளர்ப்பது தாயோடு ஆடும் விளையாட்டா, தாய் சொல்லித்தரும் பாடமா என்ற கேள்விக்கு, விளையாட்டே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், தம் மூன்று வயதுப் பேத்தி நூறு வரை எண்ணுகிறாள் என்றும், அது பாடத்தால் வந்த அறிவு என்றும் சொன்னார். அந்தக் குழந்தை நீடூழி வாழட்டும். ஆனால் ஒப்புவிப்பது வேறு, எண்ணுவது வேறு. எண்களை மளமளவென்று சொல்லும் சின்னஞ்சிறு பிள்ளையிடம், "மூணு கரண்டி எடுத்துக் குடு சாமி" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் கைக்கு வந்ததை அள்ளித் தரும். குழந்தை உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோறு பரிமாறும் விளையாட்டில் அம்மாவுக்கு ஒரு தட்டு, அப்பாவுக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு என்று வைத்துப் பார்க்கும்போதுதான், மூன்று என்பது ஓர் அளவு என்று குழந்தைக்குப் பிடிபடத் தொடங்குகிறது.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் பருப்புக் கடையும் விளையாட்டைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தாய் குழந்தையின் உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைகிறாள். ஒவ்வொரு விரலாக மடக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் ஊட்டுகிறாள். பிறகு அவள் விரல்கள் நண்டாக மாறிக் கையேறிப் போய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுகின்றன. நாலைந்து முறை ஆடிய குழந்தை, விரல் அக்குளை எட்டும் முன்பே சிரித்துவிடும். அடுத்து என்ன வரப்போகிறது என்பதை நினைவிலிருந்து எடுத்துக் கணித்துவிட்டதால் எழும் சிரிப்பு அது. தாய் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினால், குழந்தை அவள் விரலைப் பிடித்துத் தன் கைமேல் வைக்கும். பேச்சு வராத குழந்தை, "மிச்சத்தையும் ஆடு" என்று கேட்கிறது; தாய் ஆடிக் காட்டிப் பதில் சொல்கிறாள். இந்தக் கேள்வியும் பதிலும்தான் என் வாதத்தின் உயிர். பாடத்தில் குழந்தை கேட்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

முந்தானைக்குள் முகத்தை மறைத்து ஆடும் கண்ணாமூச்சியும் அப்படித்தான். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதைக் குழந்தை ஏறத்தாழ எட்டு மாதம் தொடங்கித்தான் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே கண்டு சொன்னார். மறைந்த முகம் திரும்பி வருகிறது என்பதை நம் தாய்மார்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காட்டிக் கொடுக்கிறார்கள்!

சற்றே வளர்ந்த பிள்ளைக்குத் திண்ணைதான் ஏற்காட்டுப் பேருந்து. பிள்ளை நடத்துநர், அம்மா பயணி. வேப்பிலையைச் சீட்டாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துக் கடக்கிறான். பயணி இறங்கும்வரை பேருந்தை விட்டு ஓடக்கூடாது என்று தானே ஒரு விதி வகுத்துக்கொண்டு அதற்குக் கட்டுப்படுகிறான். "உட்காருடா" என்று அதட்டினால் இரண்டு நிமிடம்கூட உட்காராத பிள்ளை அவன்! விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதன் பொருள் இதுதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், விடிந்தது முதல் தறியோடும் கொலுசுப் பட்டறையோடும் மல்லுக்கட்டும் சேலத்துத் தாய்க்கு விளையாட நேரம் ஏது என்று கேட்டார். நியாயமான கேள்வி. தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்கட்டையில் சுற்றும் தாய், பிள்ளையை ராட்டைக்கு எட்டத்தில் உட்கார வைத்துவிட்டு, "சிவப்பு நூல் எங்க? பெரிய கட்டை எது?" என்று கேட்டால், கை வேலையும் நடக்கிறது, நிறமும் அளவும் பிள்ளைக்குப் புரிகின்றன. காசு கொடுத்து வாங்கிய பொம்மை எதுவும் அங்கே இல்லை. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் புளியங்கொட்டை, கொலுசு மணி போன்ற சிறு பொருட்களைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துவிடும்.

இந்த நேரக் கணக்குக்கு ஜமைக்கா தரும் சான்று வலுவானது. 1986-87இல் கிங்ஸ்டன் நகரில், வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்று, வீட்டிலேயே செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டிக் கொடுத்தார்கள். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பயிற்சி பெறாத குழந்தைகளைவிட இவர்கள் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. அந்தத் தாய்மாரும் ஓய்ந்திருந்தவர்கள் இல்லை.

அடுத்து, எழுத்தையும் எண்ணையும் செல்பேசியே கற்றுக் கொடுக்கிறதே என்றார்கள். திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக் குழந்தை கை நீட்டினால், படம் அதைக் கவனிக்காமல் தன்பாட்டுக்கு ஓடும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது.

நடுவர் அவர்களே, தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். பேச்சு வராத குழந்தை தாயின் விரலை இழுத்துத் தன் கைமேல் வைக்கிறதே, அந்தக் கேள்வியை எந்தப் பாடம் அதனிடமிருந்து வரவழைக்கும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தம் வாதத்தைத் தொடரட்டும். நன்றி, வணக்கம்.