உகைரில் வாய் திறக்காத மனிதர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடித்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் அரேபியாவின் அமீர்கள், ஷேக்குகள், அமைச்சர்கள், வணிகர்கள் எல்லாரையும் பற்றி பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதிவைத்த ஆட்குறிப்புகள் வரலாற்றுச் சான்றா, ஆட்சிக் கருவியா? இதுதான் இன்றைய தலைப்பு. கருவிதான் என்று நிற்கிற அணி நாங்கள்.

எதிரணியில் முதலில் பேசிய அக்கா நல்ல ஒரு வாதம் வைத்தார். "அவர்கள் எழுதியிருக்காவிட்டால் வளைகுடாவின் பாதி வரலாறு நமக்குக் கிடைத்தே இருக்காது. நோக்கம் எதுவாக இருந்தால் என்ன, தாள் மிஞ்சியிருக்கிறதே" என்றார். அதில் உண்மை இருக்கிறது, நான் மழுப்ப மாட்டேன். பிரிட்டிஷ் இந்திய அதிகாரி லோரிமர் தொகுத்த பாரசீக வளைகுடா கெசட்டியரை, அதாவது ஊர்த் தகவல் களஞ்சியத்தை, பாருங்கள். ஊர் ஊராகக் கிணறு, பேரீச்சந்தோப்பு, எந்தக் குலம் எங்கே தங்குகிறது, முத்துக்குளிக்கப் போகும் படகு எத்தனை என்று எண்ணி எழுதியிருக்கிறார். புவியியல் பகுதி 1908இல் வந்தது, வரலாற்றுப் பகுதி 1915இல். இரண்டும் கல்கத்தா அரசு அச்சகத்தில் அச்சானவை. ஆனால் அக்கா, அது யார் கைக்குப் போனது? அரசு அதிகாரிகளின் கைக்கு மட்டும். அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர் தன் கிணறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. அப்போது அது ரகசியம்.

2014இல் கத்தாரின் தேசிய நூலகமும் லண்டன் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து அந்தக் காலக் கோப்புகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கின. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனில் அவற்றைப் புரட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பழுப்பேறிய தாள், தட்டச்சு எழுத்து, மேலே 'கான்ஃபிடென்ஷியல்' முத்திரை, ஓரத்தில் யாரோ ஒரு அதிகாரியின் பென்சில் இனிஷியல். ஆட்குறிப்பு என்றால் பெரும்பாலும் ஒரு சின்னப் பத்திதான். பெயர், குலம், ஏறத்தாழ வயது, வகித்த பதவி, தெரிந்த மொழி, குணம் எப்படி. அப்புறம் ஏதோ ஒரு வரியில் அந்தக் கேள்விக்கான பதில் வந்துவிடும்: இவர் நமக்கு வேண்டியவரா, வேண்டாதவரா?

ஜித்தாவில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் சவூதிப் பிரமுகர்களுக்கு இப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தது. நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான், லெபனானில் பிறந்த ஃபுவாத் ஹம்ஸா, சிரியாவிலிருந்து வந்த யூசுஃப் யாசின் என்று எல்லாரும் அகர வரிசையில். வருகிற அதிகாரி, போகிற அதிகாரி எல்லாரும் அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். மளிகைக் கடையில் கடன் நோட்டு இருக்கிறதே, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரர் குறித்துவைப்பாரே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கடன் நோட்டில் இருக்கிற பெயர் உண்மை. தொகையும் உண்மையாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு அந்தத் தெருவின் வரலாற்றை எழுதலாமா?

வளைகுடாக் கரையோ பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தது. பாரசீகத்தின் புஷெர் துறைமுகத்தில் ரெசிடென்ட் என்ற தலைமை அதிகாரி, அவருக்குக் கீழே பஹ்ரைன், குவைத், மஸ்கட்டில் பொலிட்டிக்கல் ஏஜென்ட் என்ற அரசியல் அதிகாரிகள். கடைத்தெருவில் புழங்கியதும் இந்திய ரூபாய். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குவைத்திலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும் உளவுச் சுருக்கம் கிளம்பும். ஷார்ஜாவில் ஆங்கிலேய அதிகாரியே கிடையாது. 1935இல் இறக்கும்வரை அங்கே ரெசிடென்சி ஏஜென்டாக, அதாவது ரெசிடென்டின் உள்ளூர்ப் பிரதிநிதியாக, இருந்தவர் ஈசா பின் அப்துல் லத்தீஃப். அந்தக் கரையின் ஷேக்குகள் யார், எப்படிப்பட்டவர்கள் என்பது பெரும்பாலும் அவர் கண் வழியாகத்தான் புஷெருக்குப் போனது. அவரும் மனிதர்தானே. அந்த ஊரில் அவருக்கும் உறவு இருந்திருக்கும், பகை இருந்திருக்கும், கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கும்.

சரி, எதிரணி சொல்வதுபோல் இதெல்லாம் சான்று என்றே ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். 1919இல் குர்மா பாலைச்சோலை யாருக்கு என்று மக்கா இருக்கும் ஹிஜாஸின் மன்னர் உசேனுக்கும், நடு அரேபியாவின் நஜ்தை ஆண்ட, பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூதுக்கும் தகராறு. கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் உசேன் பக்கம்தான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொன்னார்கள். அவரிடம் பயிற்சி பெற்ற படை இருந்தது, பீரங்கி இருந்தது. லண்டனும் அதை நம்பியது. அந்த மே மாதம் துரபாவில் இரவோடு இரவாக இப்னு சவூதின் இக்வான் வீரர்கள், அதாவது மதத் தீவிரம் கொண்ட பாலைவனக் குலத்தவர், பாய்ந்தார்கள். உசேனின் மகன் அப்துல்லா நடத்தி வந்த படை ஒரே இரவில் அழிந்தது. அப்துல்லா உயிரோடு தப்பியதே பெரிய விஷயம்.

எதனால் இப்படி ஆயிற்று? இப்னு சவூதைப் பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. உசேன் கெய்ரோவின் ஆள். இப்னு சவூத் இந்திய அரசாங்கத்தின் ஆள். இப்னு சவூதுக்கு மாதம் 5,000 பவுண்டு உதவித்தொகை போனது. உசேனுக்குப் போனது அதைவிடப் பல மடங்கு. எந்தக் குதிரையின் மேல் பணம் கட்டியிருக்கிறோமோ அந்தக் குதிரைதான் ஓடும் என்று எழுதினார்கள். நடுவர் அவர்களே, ஒரு சாட்சி முதலிலேயே ஒரு கட்சிக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து கூண்டில் ஏறினால் அதைச் சாட்சியம் என்று நீங்கள் ஏற்பீர்களா?

அடுத்து பஹ்ரைன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு வசதியில்லாத உண்மையும் இதில் கலந்திருக்கிறது. ஷேக் ஈசா பின் அலி 1869 முதல் ஆண்டவர். 1923இல் அவருடைய ஆட்சிக்கு 54 வயது. மேஜர் டேலி என்ற பொலிட்டிக்கல் ஏஜென்ட் அவருடைய ஆட்சியைக் குறைசொல்லி அறிக்கைக்கு மேல் அறிக்கையாக எழுதினார். அதே ஆண்டு மே 26ஆம் தேதி, ரெசிடென்ட் பொறுப்பில் இருந்த நாக்ஸ் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, இனிமேல் ஆட்சி மகன் ஹமதின் கையில் என்று அறிவித்தார். கிழவர் கடைசிவரை ஒப்பவில்லை. 1932இல் அவர் கண்ணை மூடும்வரை ஹமதைத் துணையாள் என்றுதான் சொல்ல முடிந்தது.

டேலி எழுதியது எல்லாம் பொய்யா? இல்லை. அங்கே ஷியா விவசாயிகளை வரியும் கட்டாய வேலையும் நசுக்கியது உண்மை. அவர்களே மனு கொடுத்தார்கள். சீர்திருத்தம் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அதை நான் மறுத்தால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கூட்டம் கூடியது. முஹர்ரக்கைச் சேர்ந்த முத்து வணிகர் அப்துல் வஹாப் அல்-ஸயானியும் அவரோடு இருந்தவர்களும் கோரிக்கை வைத்தார்கள். ஷேக் ஈசா தொடரட்டும், மக்கள் சார்பில் ஒரு ஆலோசனை மன்றம் வேண்டும், பொலிட்டிக்கல் ஏஜென்ட் உள்நாட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்று கேட்டார்கள். அடுத்த மாதமே அல்-ஸயானியையும் அஹ்மத் பின் லாஹிஜையும் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1925இல் பம்பாயில் அல்-ஸயானி இறந்துபோனார். வீடு திரும்பவே இல்லை.

விவசாயி கொடுத்த மனுவையும் வணிகர் கொடுத்த மனுவையும் வாங்கியது ஒரே மேசைதான். முதல் மனு சீர்திருத்தத்துக்கு ஆதாரம் ஆனது, இரண்டாவது மனு கொடுத்தவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். எது ஆதாரம், எது கலகம் என்று பிரித்த கை ஆட்குறிப்பு எழுதிய கையேதான். கருவி என்று நான் சொல்வது இதைத்தான். மனிதனைப் பற்றி எழுதியது அலமாரியில் சும்மா கிடக்கவில்லை, அவன் எந்த ஊரில் சாக வேண்டும் என்பதையும் முடிவுசெய்தது.

எதிரணித் தம்பி டிக்சனைக் காட்டினார். நியாயமான கேள்விதான். ஹரோல்டு டிக்சன் 1881இல் பெய்ரூட்டில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது டமாஸ்கஸில் ஒரு பெதூவின் பெண், அதாவது பாலைவன நாடோடிக் குலத்துப் பெண், அவருக்குப் பாலூட்டினாள். அரபு மொழி அவருக்குத் தாய்மொழி மாதிரி. 1929 முதல் 1936 வரை குவைத்தில் பொலிட்டிக்கல் ஏஜென்ட். பெதூவின்களைப் பற்றி அவ்வளவு பாசத்தோடு எழுதியவர் அபூர்வம். "பால் உறவு கொண்டாடியவர் எழுதியதும் கருவியா" என்று தம்பி கேட்டார்.

தம்பி, முதைர் குலத் தலைவர் ஃபைசல் அத்துவைஷின் கதையைக் கேளுங்கள். இப்னு சவூதை எதிர்த்த இக்வான் கிளர்ச்சியின் பெரிய தலை அவர். 1929 மார்ச்சில் சபிலாவில் தோற்று, துரத்தப்பட்டு, கடைசியில் 1930 ஜனவரியில் குவைத் எல்லையில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். போகும்முன் தன் வீட்டுப் பெண்களை டிக்சனிடம் ஒப்படைத்தார். ஒரு பெதூவின் தலைவன் அதைச் செய்கிறான் என்றால் அதற்கு மேல் நம்பிக்கை என்ன இருக்கிறது? டிக்சனும் அவர் மனைவியும் அந்தப் பெண்களை மரியாதையாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் அத்துவைஷை பிரிட்டிஷ் அரசு விமானத்தில் ஏற்றி இப்னு சவூதிடம் கொடுத்துவிட்டது. உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். மறு ஆண்டே ரியாத் சிறையில் அவர் இறந்தார்.

டிக்சனின் பாசத்தை நான் சந்தேகப்படவே இல்லை. அவர் மனசு கனத்திருக்கும். ஆனால் அந்தப் பாசத்தால் திரட்டிய அறிவு முழுவதும் போய்ச் சேர்ந்த இடம் எது? முதைர் குலத்தில் யார் யாருக்கு அண்ணன் தம்பி, எந்தக் கிணற்றுக்கு எப்போது போவார்கள் என்று அவருக்குத் தெரிந்தது அரசாங்கத்துக்கும் தெரிந்தது. நல்லவர் எழுதினால் குறிப்பு நன்றாக வரும். யாருக்காக எழுதினாரோ அவர் மாறிவிட மாட்டார்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு காட்சி.

1922 நவம்பர் கடைசி. கிழக்கு அரேபியாவின் அல்-ஹஸா கரையில் உகைர் என்ற சின்னத் துறைமுகம். ஈராக்கில் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த சர் பெர்சி காக்ஸ் எல்லை வகுக்க வந்திருக்கிறார். எதிரே இப்னு சவூத். நாள் கணக்கில் பேச்சு முடியவில்லை. காக்ஸ் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் கோட்டை இழுத்துவிட்டார். குவைத் தனது என்று நினைத்திருந்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நஜ்துக்குப் போனது. காக்ஸ் பள்ளிக்கூடத்துப் பையனைக் கண்டிப்பது போல இப்னு சவூதைக் கண்டித்தார் என்றும், அவர் கண்கலங்கும் நிலைக்குப் போனார் என்றும் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். இதை எழுதியவர் யார்? காக்ஸோடு போயிருந்த அதே டிக்சன். இப்னு சவூத் அன்றிரவு தன் ஆட்களிடம் காக்ஸைப் பற்றி என்ன சொன்னார்? அந்தக் குறிப்பை எந்த நூலகத்தில் போய்த் தேடுவது?

அந்தக் கூட்டத்தில் குவைத்துக்காக உட்கார்ந்திருந்தவர் குவைத்துக்காரர் இல்லை. மேஜர் மோர், குவைத்தின் பொலிட்டிக்கல் ஏஜென்ட். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று சொல்வார்களே, அந்த நாற்காலி. குவைத்தை ஆண்ட ஷேக் அஹ்மதை அங்கே யாரும் கூப்பிடவில்லை. கோடு விழுந்த பிறகுதான் அவருக்குச் செய்தியே போனது. குவைத்தின் மனிதர்களைப் பற்றி, குலங்களைப் பற்றி, மேய்ச்சல் நிலத்தைப் பற்றி மோருக்குத் தெரியாததா? வருடக்கணக்கில் அங்கே இருந்து எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தவர் ஆயிற்றே.

எதிரணித் தலைவர் அடுத்து வரப்போகிறார். அவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அவ்வளவும் தெரிந்த மேஜர் மோர், அந்தச் சிவப்புப் பென்சில் குவைத்தின் மேல் ஓடியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை?

பதிலுக்குக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.