டிரெய்லரைக் கூண்டில் ஏற்றுங்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, தலைநகர் தில்லியின் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா கைத்தட்டலையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் மீதி இருந்தால் எனக்கும் கொஞ்சம் போடுங்கள்.

புதுப்படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நம்மவர்களுக்குத் துணை டிரெய்லரா, ஊர் வாயா? தலைப்பு இதுதான். நான் டிரெய்லர் கட்சி.

அக்கா எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆயுதத்தை வீசினார். உச்ச நீதிமன்றமே டிரெய்லரை நம்பாதே என்று சொல்லிவிட்டதாம். ஆனால் வழக்கை முழுசாகச் சொல்லாமல், டிரெய்லர் வெட்டுகிற மாதிரி வெட்டிச் சொன்னார். முழுப்படத்தை நான் ஓட்டுகிறேன். 2016இல் ஷாருக் கான் நடித்த ‘ஃபேன்’ வந்தது. விளம்பரத்தில் ஒரு பாட்டு அமர்க்களப்பட்டது. தியேட்டருக்குப் போனால் படத்தில் அந்தப் பாட்டே இல்லை. மகாராஷ்டிரத்துப் பார்வையாளர் ஒருவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாவட்டத்தில் எடுபடவில்லை. மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது, தேசிய ஆணையமும் அதையே உறுதி செய்தது. 2024 ஏப்ரலில், இதோ நம்முடைய திலக் மார்க்கில் இருக்கிற உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிரெய்லர் என்பது வாக்குறுதி ஆகாது, அதை வைத்துப் பார்வையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டுவிடாது என்பது தீர்ப்பின் சாரம்.

நல்ல தீர்ப்பு. ஆனால் பார்க்காதே, யோசிக்காதே என்று அதில் எங்கே இருக்கிறது? அங்கே புகார் என்ன? படம் மோசம் என்பதில்லை, பாட்டைக் காணோம் என்பதுதான். அமெரிக்காவிலும் இப்படித்தான். 2019இல் வந்த ‘யெஸ்டர்டே’ படத்தின் டிரெய்லரில் இருந்த நடிகை படத்தில் இல்லையென்று இரண்டு ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பாட்டுக்காகப் போனவரும் நடிகைக்காகப் போனவரும் ஏமாந்தார்கள். படம் தேறுமா என்று டிரெய்லரைத் துருவிப் பார்த்தவர் யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

டிரெய்லர் சாட்சி மாதிரி, நடுவர் அவர்களே. அதுவும் தயாரிப்பாளரே கூட்டிவந்து, சொல்லிக்கொடுத்து நிறுத்தியிருக்கிற சாட்சி. மழுப்பத்தான் செய்யும். அதற்காகச் சாட்சியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? குறுக்கு விசாரணை செய்ய வேண்டாமா?

எப்படி விசாரிப்பது? முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பாதி டிரெய்லர் அந்த இடத்திலேயே உளறிவிடும். தாரை தப்பட்டை அடங்கியதும் மிஞ்சுவது என்ன? ஒருவர் நடந்து வருகிறார், திரும்புகிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார், மறுபடி நடக்கிறார். அவ்வளவுதான் சரக்கு. அடுத்து, ஒருவர் பேசி இன்னொருவர் பதில் சொல்கிற காட்சி ஒன்றாவது முழுசாக இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு வசனம், திரை இருட்டு, ஒரு ‘டம்’. இன்னொரு வசனம், இன்னொரு ‘டம்’. கடைசி வரை இப்படியே போனால், பத்து விநாடி தாக்குப்பிடிக்கிற காட்சிகூட அவர்கள் கைவசம் இல்லை என்று அர்த்தம். நல்ல காட்சி கையில் இருக்கிறவர் அதை வெட்ட மனசு வராமல் கொஞ்சம் ஓடவிடுவார். காமெடிப் படமென்றால் விசாரணையே தேவையில்லை. இருக்கிறதிலேயே நல்ல ஜோக்கைத்தானே டிரெய்லரில் வைப்பார்கள்? அதற்கே சிரிப்பு வரவில்லையென்றால் உள்ளே போய் யாரைத் தேடப் போகிறோம்?

“கதை பூராவையும் டிரெய்லரிலேயே கொட்டிவிடுகிறார்கள்” என்று அக்காவுக்கு ஒரு வருத்தம். கொட்டட்டுமே! பாஞ்சாலி சபதம் எப்படி முடியும் என்று தெரிந்தேதான் நம் பாட்டனும் பாட்டியும் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள்.

சரி, ஊர் வாய்க்கு வருவோம். எந்த ஊர், அக்கா? சென்னையில் விடியற்காலையிலேயே மைக் முன்னால் நின்று “வெறித்தனம்” என்று கத்துகிறவரின் வாயா? ரசிகர் வாய் ஒன்று, எதிர் ரசிகர் வாய் ஒன்று, காசு வாங்கின வாய் ஒன்று. இந்த விமர்சனங்களை முதல் மூன்று நாள் தடுத்து வைக்க வேண்டும் என்று தமிழ்த் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். இடைக்காலத் தடை தர முடியாது என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. பேசட்டும், தாராளமாகப் பேசட்டும். ஆனால் அந்தப் பேச்சு நமக்கு எப்போது வந்து சேருகிறது?

இங்கேதான் தில்லிக்காரன் கஷ்டம் இருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு படம் சுமார் என்று ஆரம்பித்து, வாய் வழியாகப் பரவி மூன்றாவது வாரம் சூடு பிடிக்கலாம். இங்கே தமிழ்ப் படத்துக்கு ஏது மூன்றாவது வாரம்? வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை ஆபீஸில் யாராவது “படம் அருமை” என்கிறார். ஆப்பைத் திறந்தால், குருகிராமில் ஒரே ஒரு காட்சி, ராத்திரி 9.40. மயூர் விஹாரிலிருந்து கிளம்பி, ராஜீவ் சௌக்கில் மாறி, போய்ச் சேர்ந்து, படம் விடும்போது மெட்ரோ இருக்காது. பக்கத்து வீட்டு சர்மாஜியைக் கூட்டிப்போக இந்திப் பதிப்பாவது இருக்குமா என்றால் அதற்கும் தகராறு. ஓடிடிக்கு எட்டு வாரம் இடைவெளி வேண்டும் என்று வடக்கே பெரிய மல்டிபிளக்ஸ்காரர்கள் நிபந்தனை வைத்ததால், 2023இல் ‘லியோ’ இந்திப் பதிப்பு அந்த அரங்குகள் பக்கமே வரவில்லை.

ஆக, ஊர் வாய் இங்கே வந்து சேருவதற்குள் படம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நம் கையில் இருப்பது அந்த இரண்டரை நிமிடம் மட்டும்தான். நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட், பாப்கார்ன், ஆட்டோ என்று ஒரு மாச மளிகையில் பாதி போகிற இடத்தில், அந்த இரண்டரை நிமிடத்தை மூன்று தடவை பார்த்தால் குறைந்தா போய்விடுவோம்?

மணி அடிக்கக் கை போகிறது, பார்த்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிற படத்துக்கு அக்கா இப்போதே டிக்கெட் போட்டுவிட்டாராம். அவர் வீட்டு அண்ணன்தான் வெளியே டீ குடிக்கும்போது சொன்னார். ஊர் இன்னும் வாயே திறக்கவில்லை. எதைப் பார்த்து எடுத்தார் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.