எழுதுவது தல்க், சொல்வது தக்: கொரிய மொழியின் இரட்டை மெய்கள்

[திரையில்: கோழிக்கறிக் கடையின் பெயர்ப்பலகை. அதில் ஓர் எழுத்துக் கட்டம் மட்டும் பெரிதாகிறது.]

இதுதான் கொரிய மொழியில் ‘கோழி’. மேலே த், பக்கத்தில் அ, அடியில் ல், க் என்று இரண்டு மெய்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துக்கூட்டினால் ‘தல்க்’. கடைக்காரரோ ‘தக்’ என்கிறார். ல் எங்கே போச்சு?

கட்டத்தின் அடியில் வரும் மெய்க்குப் பத்சிம் என்று பெயர். முட்டுக்கொடுக்கும் கட்டை என்று பொருள். ஒரே அடியில் இரண்டு வெவ்வேறு மெய்கள் உட்காரும் ஜோடிகள் மொத்தம் 11. ஆனால் அசையின் முடிவில் வாயிலிருந்து வருவது ஒற்றை மெய்தான். அதுவும் க், த், ப், ங், ந், ம், ல் ஆகிய 7 ஒலிகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜோடியில் யாருக்கு இடம்? பெரும்பாலும் இடதுபக்கத்து மெய்க்கு. ‘விலை’ என்ற சொல்லின் எழுத்து கப்ஸ், ஒலி கப். ல்க், ல்ம், அப்புறம் ல்-லோடு மூச்சுவிட்டுச் சொல்லும் ப் சேர்ந்த ஜோடி, இந்த மூன்றில் வலதுபக்கம் ஜெயிக்கும். அதனால்தான் கோழி தக்.

[திரையில்: உதடுகள், மிக அருகில்.]

இங்கே நம் வாய் ஒரு சேட்டை செய்யும். ‘கப்’ என்று நிறுத்தாமல் ‘கப்பு’ என்று உகரம் போட்டு முடிக்கும். பஸ்ஸை பஸ்ஸு ஆக்கிய வாய் அல்லவா! ‘அப்பா’ என்று சொல்லத் தொடங்கி, உதடு மூடிய இடத்திலேயே அப்படியே நில்லுங்கள். திறக்காதீர்கள். அந்த மூடிய ப்-தான் கொரிய ப். ‘அக்கா’வில் பாதியில் நின்றால் தக்-கின் க் கிடைக்கும்.

சரி, தொலைந்த மெய் திரும்பி வருமா? பின்னால் ஓர் உயிர் வந்தால் வரும். பால், ஆடை சேர்ந்து பாலாடை ஆவது போலத்தான். தல்க்-குடன் எழுவாயைக் காட்டும் ‘இ’ சேர்ந்தால் ‘தல்கி’. ல் அடியிலேயே தங்க, க் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ‘விலை’யும் அப்படியே, கப்ஸி. அந்த ஸ் கொஞ்சம் அழுத்தி வரும். ஹ் மட்டும் நகராது, காணாமலே போய்விடும். தொடர்களில் ‘பிடிக்கலை’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘ஷிரொ’ என்பார்களே, அதன் எழுத்தில் ல்-லுக்குப் பக்கத்தில் ஒரு ஹ் ஒளிந்திருக்கிறது. ஹ் போனதும் இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிய ல், ர் ஆகிவிட்டது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ‘படி’ என்னும் வினை. வேர் இல்க். அகராதியில் இருக்கும் வடிவம் ‘இக்த்தா’. ‘படிக்கிறேன்’ என்று மரியாதையாகச் சொன்னால் ‘இல்கொயோ’. ‘படித்துவிட்டு’ என்பது ‘இல்க்கோ’. வினையில் ல்க்-குக்குப் பின்னால் இன்னொரு க் வந்தால் ல் பிழைத்துக்கொள்ளும். ‘படிக்கிற’ என்றால் ‘இங்நுன்’. பின்னால் வந்த ந், க்-கை ங் ஆக்கிவிட்டது. ஒரே வேர், நான்கு முகம். விதியை மனப்பாடம் செய்வதைவிட இந்த நான்கையும் பத்து முறை வாய்விட்டுச் சொல்வது மேல்.

ஒலிக்காததை ஏன் எழுத வேண்டும்? காதில் விழுவதை மட்டும் எழுதினால் தனிக்கோழி தக், எழுவாயில் தல்கி, ‘கோழி மட்டும்’ என்னும்போது தங்மன். ஒரு கோழிக்கு மூன்று எழுத்துக்கூட்டல்! ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், 1933-இல், கொரிய மொழிக் கழகம் எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியபோது, ஒலி மாறினாலும் வேரை மாற்றாமல் எழுதுவது என்று முடிவெடுத்தது. கண்ணுக்கு எப்போதும் அதே கோழி.

[திரையில்: மீண்டும் அதே பலகை.]

ஒன்று மட்டும். ‘தல்கி’ என்பது இலக்கணப்படி சரியான உச்சரிப்பு. பேச்சில் பல கொரியர்கள் ல்-லைச் சேர்க்காமல் ‘தகி’ என்றே சொல்லிவிடுவார்கள். நீங்கள் தல்கி என்றே பழகுங்கள்; கடையில் தகி காதில் விழுந்தால், அதுவும் இதே கோழிதான்.