900 ரூபாய் ஜின்டி மாடல் ரயில் இன்ஜின் கடைசியில் ஓட ஆரம்பித்துவிட்டது!

வணக்கம் மக்களே. வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், மாடி ரூமில் ட்யூப்லைட் போய்விட்டது. விடியும்வரை பொறுக்க முடியவில்லை. இதோ, கேட்கிறதா அந்த உறுமல்? ஓடுகிறது!

போன வீடியோவில் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கிய ஜின்டியைக் காட்டினேனே, ட்ரை-ஆங் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனி செய்த குட்டி ரயில் இன்ஜின், அதேதான். கடைக்காரர் 2,500 சொன்னார், நான் 600-இல் ஆரம்பித்து 900-க்கு முடித்தேன். "ஏமாந்துட்டீங்க அண்ணா" என்று கமெண்ட் போட்டவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்து தண்டவாளத்தில் வைத்து கண்ட்ரோலரைத் திருகினேன். உடனே சிவப்பு விளக்கு, கரண்ட் கட். ஷார்ட். மூன்று நாளாக இதே கதை. சக்கரங்களைத் துடைத்தேன். கம்யூட்டேட்டரை, அதாவது மோட்டாரில் சுழலும் செம்புத் தகடுகளை, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தேன், கண்மை மாதிரி வந்தது. அதன் இடுக்குகளில் அடைந்திருந்த கரியைப் பல்குச்சியால் நோண்டினேன். திரும்பவும் சிவப்பு.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. இந்த இன்ஜினில் இருப்பது எக்ஸ்04 மோட்டார். கம்யூட்டேட்டருக்குக் கரண்ட் கொடுக்க இரண்டு கார்பன் பிரஷ், இரண்டையும் அழுத்திப் பிடிக்க ஹேர்பின் மாதிரி ஒரே ஒரு ஸ்பிரிங். அதன் ஒரு கால் மோட்டாரின் உலோகத்தோடு சேர்ந்தே இருக்கலாம், இன்னொரு கால் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட். அதற்காக அந்தக் காலுக்கு மட்டும் சின்னதாக ஒரு உறை போட்டிருப்பார்கள். என்னுடையதில் அது இல்லை. பழைய ஆள் யாரோ கழற்றிவிட்டு மறந்திருக்கிறார்.

வெளிநாட்டுக் கடை ஒன்றில் விலை பார்த்தேன். ஸ்பிரிங்கும் உறையும் சேர்த்து 200 ரூபாய்கூட வராது. தபால் செலவு? 1,900! நான் வாங்கிய இன்ஜினே 900 ரூபாய்தானே! அரிசி மணி அளவு உறைக்கு இரண்டு இன்ஜின் விலை. தூங்கவே இல்லை.

ராத்திரி மேஜை டிராயரைக் குடைந்தபோது செத்துப்போன இயர்போன் ஒன்று கிடைத்தது. உள்ளே இருக்கும் கம்பிகளை உருவிவிட்டு, வெளி உறையில் ஐந்து மில்லிமீட்டர் வெட்டினேன். முதல் துண்டு தளர்வு. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. செலவு பூஜ்யம். சும்மா சொல்லவில்லை, எழுந்து நின்று கத்திவிட்டேன்.

ஐயோ, முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். மோட்டாரைத் துடைக்கிறேன் என்று காந்தத்தைக் கழற்றிவிடாதீர்கள். பழைய காந்தக் கட்டை அது, கழற்றும்போது குறுக்கே இரும்புத் துண்டு வைக்காவிட்டால் பலம் குறைந்துவிடும். பிறகு மோட்டார் கரண்டை மட்டும் நிறையக் குடித்துச் சூடாகும், இழுக்காது. என் முதல் இன்ஜினை அப்படித்தான் கெடுத்தேன், பழைய வீடியோவில் அழுதிருப்பேன் பாருங்கள்.

எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறது, அதுவும் இதிலேயே இருக்கிறது. யாரோ இதன் மேல் பளபளா கறுப்புப் பெயிண்டைப் பிரஷால் பூசி, 'வேலை முடிந்தது' என்று விட்டிருக்கிறார்கள். அதை எடுக்கப்போகிறேன். அசிட்டோன் வேண்டாம், இந்த பிளாஸ்டிக் பாடி உருகிவிடும். ஆல்கஹாலில் முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் சோதனை, அப்புறம்தான் மற்றது.

"நம்ம ஊர் கலர் அடிங்க" என்று ஒருவர் கேட்டிருந்தார். சாமி, அளவு சேராது. 1:76, அதாவது நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு என்ற கணக்குப்படி நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டருக்கு 22 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். இதன் தண்டவாளம் 16.5. இங்கிலாந்துப் பாதைக்கே 18.8 வேண்டும், அவர்களே தப்பான கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்! கறுப்பாகவே இருக்கட்டும்.

அப்புறம் தண்டவாளம். கடல் காற்றில் என் பழைய இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்தது உங்களுக்கே தெரியும். இப்போது எல்லாம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

இதோ, வளைவில் திரும்புகிறது... சரி, வளைவைத் தாண்டிவிட்டது. பின் கொக்கி உடைந்திருப்பதால் பெட்டி மட்டும் மாட்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமை திரும்பவும் பல்லாவரம் போகிறேன்.