மெமரி கார்டு கடைய மூடுனது போலீஸ் இல்ல

நடுவர் ஐயா அவர்களுக்கும், மீன்பிடித் தடைக்காலத்துல போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்குற இந்த நேரத்துல பாம்பன் கடற்கரையில இம்புட்டு பேரு பிள்ள குட்டியோட வந்து உக்காந்திருக்கீகளே, உங்க எல்லாத்துக்கும் வணக்கம். இணையத்துல படம், பாட்டு, புத்தகம் திருட்டுத்தனமா பரவுறத ஒழிக்கணும்னா அதுக்கு வழி கடுமையான சட்டமா, கைக்கு எட்டுற விலையா? இதான் தலைப்பு. நான் விலை பக்கம் பேசுறேன். திருட்டு சரின்னு சொல்ல வரல, அத மொதல்லயே சொல்லிடுறேன், வட்டிக்கு வாங்கி படம் எடுத்தவன் ரிலீஸ் அன்னைக்கே அந்தப் படத்த எவனோ ஒருத்தன் வெப்சைட்ல பாக்கும்போது அவன் வயிறு எரியுறது நியாயம்தான்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா, சினிமாவுக்கு வருஷத்துக்கு 20,000 கோடி வரைக்கும் நஷ்டம், சட்டம் கை வைக்காம விட்டதுதான் காரணம்னு சொன்னாக. அந்த 20,000 கோடி மத்திய அரசே 2023ல சொன்ன கணக்குதான், மறுக்கல. ஆனா சட்டம் எப்பக்கா கை வைக்காம விட்டுச்சு? 1957ல வந்த காப்பிரைட் சட்டத்துல 63ஆம் பிரிவ எடுத்துப் பாருங்க, ஆறு மாசத்துலேருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000லேருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். அது போதாதுன்னு நம்ம தமிழ்நாட்டுல 2004ல குண்டர் சட்டத்துக்குள்ள திருட்டு வீடியோக்காரனையும் கொண்டாந்து சேத்தாக, விசாரணையே இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். 2023ல சினிமாட்டோகிராஃப் சட்டத்த திருத்தி, அபராதம் குறைஞ்சது 3 லட்சம், மேல போனா படத்தோட தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைக்கும்னு வச்சாக. இதுக்கு மேல என்ன கடுமை வேணும்? குண்டர் சட்டம் வந்து இருபது வருஷம் தாண்டியாச்சு, இன்னைக்கும் புதுப்படம் வந்த அன்னைக்கு சாயங்காலமே டெலிகிராம்ல லிங்க் சுத்துதா இல்லையா, இங்க உக்காந்திருக்க தம்பிகளக் கேளுங்க.

சரி, எது நின்னுச்சுன்னு பாப்போம், ஏன்னா ஒண்ணு நெசமாவே நின்னுருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ராம்நாடு பஸ் ஸ்டாண்ட சுத்தி, மண்டபம், தங்கச்சிமடம்னு எந்த செல்போன் கடைக்குப் போனாலும் ‘இங்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’னு போர்டு தொங்கும். கார்ட குடுத்தா ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முந்நூறு நானூறு பாட்டு ஏறிடும், பத்து ரூபா இருபது ரூபா. அம்புட்டும் திருட்டுப் பாட்டு, இசையமைச்சவனுக்கும் எழுதினவனுக்கும் ஒரு நயா பைசா போகாது. அதுக்கு முன்னாடி எம்பி3 சிடி, ஒரே சிடியில நூறு பாட்டு. ரெய்டு வந்துச்சு, கடைக்காரப் பையன புடிச்சாக, அவன் ஜாமீன்ல வந்து மறுபடியும் ஏத்துனான். இன்னைக்கு அந்த போர்டு எங்க? எந்த எஸ்ஐயும் வந்து கழட்டல. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, டேட்டா விலை தரைக்கு வந்துச்சு, யூடியூப்லயும் ஸ்பாட்டிஃபை ஜியோசாவன்லயும் விளம்பரத்தோட பாட்டு சும்மா கேக்க முடிஞ்சுது, திருடுறதுக்கு அவசியமே இல்லாம போச்சு. அதுலயும் முக்கியமான விஷயம், இப்ப நீங்க கேக்குற பாட்டுக்கு அதோட உரிமைக்காரவுக பேருல எங்கிட்டோ ஒரு காசுக் கணக்கு ஏறுது. அது ரொம்ப கம்மி, நியாயமா பிரியலங்குறது வேற சண்டை, ஆனா மெமரி கார்டுல ஏறுனப்ப அந்தக் கணக்கே கெடையாது.

இந்தக் கடற்கரைக்கு இது புதுசும் இல்ல. 1952ல பி.வி.கேஸ்கர்னு மத்திய அமைச்சர் வந்தாரு, சினிமாப் பாட்டு தரம் கெட்டதுன்னு ஆல் இந்தியா ரேடியோவுல அத ஒடுக்குனாரு, தயாரிப்பாளர்களோடயும் தகராறு ஆகி கடைசியில சினிமாப் பாட்டே கிட்டத்தட்ட இல்லாம போச்சு. நம்ம ஆளுக என்ன செஞ்சாக, கர்நாடக சங்கீதம் கேக்க உக்காந்துட்டாகளா? ரேடியோ முள்ள அங்கிட்டு இலங்கைப் பக்கம் திருப்புனாக. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனம் குரல் இந்தக் கரையில வீட்டுக்கு வீடு கேட்டுச்சுன்னு முன்னாடி உக்காந்திருக்க பெரியவங்களுக்குத் தெரியும். பாட்டு கேட்டது தப்பும் இல்ல திருட்டும் இல்ல, நான் சொல்ல வர்றது ஜனங்களோட நடத்தைய. வேணுங்குறத இங்க குடுக்கலன்னா குடுக்குற எடத்துக்குப் போவாக, அதுக்கு நடுவுல கடலே இருந்தாலும் போவாக. அரசாங்கம் யாரையும் புடிச்சு உள்ள போடல, 1957 அக்டோபர்ல விவித்பாரதிய ஆரம்பிச்சு அதே பாட்ட தானே போட்டுச்சு, போன நேயர்கள்ல பாதிப் பேரு திரும்பி வந்தாகளோ இல்லையோ, சண்டை முடிஞ்சுது.

இப்ப படத்துக்கு வருவோம். தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு. அரசாங்கம் குடுக்குற நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபா. அந்த ரெண்டு மாசமும் ஆம்பள பொம்பள எல்லாரும் வீட்டுல, பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைக படம் கேக்குது. இந்தப் படம் ஒரு ஆப்புல, அந்தப் படம் இன்னொரு ஆப்புல, போன வருஷம் ஒண்ணுல இருந்த படம் இந்த வருஷம் வேற ஒண்ணுக்கு போயிருச்சு, நாலஞ்சு ஆப்புக்கு காசு கட்டணும். தியேட்டருக்கு அஞ்சு பேர கூட்டிக்கிட்டுப் போனா டிக்கெட்ட விட இடைவேளையில வாங்குற பாப்கார்னும் பஸ் காசும்தான் பயமுறுத்துது. இந்த வீட்டுப் பையன் லிங்க்க தேடுறான்னா அவன் எதிரணி சொல்ற மாதிரி கூலிக்கு வேல பாக்குற லைட்மேன் சோத்துல மண்ணள்ளிப் போடணும்னு தேடல. ஒரு படத்துக்கு மட்டும் சின்னத் தொகை கட்டி பாக்குற வழி எல்லாப் படத்துக்கும் இருந்தா கட்டுவான், ரீசார்ஜுக்கு கட்டுறானே, 28 நாளைக்கு ஒருதரம் தவறாம கட்டுறானே.

அடுத்து எதிரணி அண்ணன் வெப்சைட்ட பிளாக் பண்ணணும்னாரு. பண்ணாகளே அண்ணே. 2017 ஆகஸ்ட்ல ரெண்டு மூணு இந்திப் படத்துக்காக கம்பெனிக நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல உத்தரவு வாங்கி, ரெண்டாயிரத்துக்கு மேல வெப்சைட்ட ஒரே அடியா மூடச் சொன்னாக. அந்த லிஸ்ட்டுல இன்டர்நெட் ஆர்க்கைவும் மாட்டிக்கிச்சு, பழைய புத்தகம், பழைய பத்திரிகை, நம்ம தமிழ்ப் புத்தகம் உட்பட கோடிக்கணக்கான பக்கத்த சேத்து வச்சிருக்க நூலகம் அது. திருட்டு சைட்டு பேர ஒரு எழுத்து மாத்தி மறுநாளே வந்துரும், நூலகத்துக்கு அந்த வேல தெரியாது. கண்ணி சின்ன வலைய போட்டு இழுத்தா குஞ்சு மீனும் குப்பையும்தான் ஏறும், பெருசு கிழிச்சுட்டுப் போயிரும். 2019ல டெல்லி உயர் நீதிமன்றமே, பேர மாத்தி மாத்தி வர்ற சைட்டுகள ஒவ்வொரு தடவையும் புது கேஸ் போடாம அதே உத்தரவுல சேத்துக்கலாம்னு வழி செஞ்சுச்சு, அதாவது மூட மூட மொளைக்குதுன்னு கோர்ட்டுக்கே தெரியும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம தம்பிக வத்தைங்குற சின்னப் படகுல கடலுக்குப் போறத, நண்டு வலை விடுறத, கணவாய் புடிக்கிறத வீடியோ எடுத்து யூடியூப்ல போடுறாக. அத அப்படியே தூக்கி வேற பக்கத்துல போட்டு எவனோ சம்பாதிக்கிறான். இதுவும் காப்பிரைட் திருட்டுதானே, அந்தத் தம்பிக்காக எந்தச் சட்டம் ஓடி வந்துச்சு? பெரிய மியூசிக் கம்பெனிக்கு கன்டென்ட் ஐடின்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அவுக பாட்டு எங்க கேட்டாலும் மிஷினே கண்டுபுடிச்சுரும். போட்டுல ஓடுற ஸ்பீக்கர்லேருந்து அரை நிமிஷம் பாட்டு வீடியோவுல விழுந்தா போதும், அந்த வீடியோவோட வருமானம் கம்பெனிக்குப் போயிரலாம். அந்த ஏற்பாட்ட தம்பி கேட்டா சாதாரணமா கெடைக்காது, அது பெரிய அளவுல உரிமை வச்சிருக்கவங்களுக்குத்தான். பல திருட்ட இவன் தானே தேடி, ஃபார்ம் நிரப்பணும். சட்டத்த இன்னும் கடுமையாக்குங்கன்னா அது யாரு கையில கடுமையா இருக்கும்னு யோசிங்க. வக்கீல் வச்சிருக்கவன் கையிலதான்.

படிப்புலயும் இதே கதைதான். மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1971ல தலைமையிடம் கொச்சிக்குப் போற வரைக்கும் இந்தக் கரைதான் அதுக்கு தலைமையிடம். அவுக தங்களோட ஆராய்ச்சிக் கட்டுரைகள இணையத்துல யாரும் எடுத்துப் படிக்கிற மாதிரி வச்சிருக்காக, கையெடுத்துக் கும்பிடணும். ஆனா இதே மன்னார் வளைகுடா பவளப்பாறையப் பத்தி வெளிநாட்டு ஆராய்ச்சி ஜர்னல்ல வந்த கட்டுரைய நம்ம ஊருப் பொண்ணு படிக்கணும்னா ஒரு கட்டுரைக்கே டாலர்ல காசு கேக்கும். அதையே காசில்லாம, அனுமதி இல்லாம குடுக்குற சை-ஹப்ங்குற வெப்சைட்ல அவ எடுத்தா திருடி. ஜர்னல் போடுற எல்சிவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூணு பேரும் 2020 டிசம்பர்ல அந்த சை-ஹப் மேல டெல்லியில கேஸ் போட்டாக. அந்தக் கேஸ் ஒருபக்கம் நடக்க, 2024 நவம்பர்ல மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ன்னு மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி, அரசு காலேஜ் பிள்ளைக எல்லாம் ஆயிரக்கணக்கான ஜர்னல படிக்க வழி செஞ்சுச்சு. நடுவர் ஐயா, இதான் எங்க அணி சொல்றது! காச கட்டி தெறந்து விட்டா எழுதினவன் பக்கமும் நட்டமில்ல, படிக்கிறவளும் திருடி இல்ல. தமிழ்நாடு இத 1949லயே பாரதியார் எழுத்துக்குச் செஞ்சு காட்டிருச்சு, குடும்பத்துக்கு பணம் குடுத்து உரிமைய அரசாங்கம் வாங்கி, பின்னாடி எல்லாருக்கும் பொதுவாக்குச்சு, பாட்டு உரிமை வச்சிருந்த ஏவி.மெய்யப்ப செட்டியார் காசு வாங்காமலே விட்டுக் குடுத்தாரு. அப்புறம் பாரதியார யாரும் திருட வேண்டியிருக்கல.

மணி அடிச்சுட்டாக, முடிச்சுக்கிறேன். நடுவர் ஐயா எங்க பக்கம் தீர்ப்பு சொன்னா அதோட மூணு கோரிக்கையையும் சேத்து மேடையிலயே சொல்லணும். ஒரே சந்தாவுல தனியார் காலேஜ்ல படிக்கிற நம்ம பிள்ளைகளையும் சேக்கணும். புதுப்படத்த ஆப் சந்தா இல்லாம தனியா, சின்ன விலைக்கு பாக்குற வழி எல்லாப் படத்துக்கும் வரணும். கடல்ல வீடியோ எடுக்குற தம்பிக்கும் அந்த கன்டென்ட் ஐடி கெடைக்கணும். வணக்கம்.