பங்களாக்காரருக்கு எதற்குப் பணம்?

[திரையில்: கைப்பேசியில் வங்கிக் குறுஞ்செய்தி]

மாதம் பிறந்ததும் உங்கள் கணக்கில் பணம் விழுகிறது. வேலை உண்டா, நிலம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஏழைக்கும் அதே தொகை, பங்களாக்காரருக்கும் அதே தொகை. அனைவருக்குமான அடிப்படை வருமானம் என்ற யோசனை இதுதான். உடனே எழும் கேள்வி: பங்களாக்காரருக்கு எதற்கு?

2017 ஜனவரி 31 அன்று வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இதற்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. அதைத் தயாரித்தவர் அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்ரமணியன். அதில் போட்ட கணக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், மாதத்துக்கு 635. அதுவும் மக்களில் முக்கால்வாசிப் பேருக்குத்தான். அதற்கே நாட்டின் உற்பத்தி மதிப்பில் 4.9 சதவீதம் வேண்டும். ஆக, காகிதத்திலேயே நாலில் ஒருவர் கழிந்துபோனார்.

2019 தேர்தலில் காங்கிரஸ் அறிவித்த 'நியாய்', பரம ஏழைகளான 20 சதவீதக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்றது. மோடி அரசின் பி.எம். கிசான் திட்டம் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 தந்தது. குத்தகைக்கு உழுபவருக்கு அதில் இடமில்லை.

[திரையில்: விண்ணப்பப் படிவம்]

தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி, மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது 1.06 கோடிப் பேருக்கு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. பெயரில் உரிமை இருந்தது. படிவத்தில் தகுதி இருந்தது. 'உதவி' என்று பெயரிட்டிருந்தால் இத்தனை வாக்குவாதம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

[திரையில்: ரேஷன் கடை வரிசை]

இதே மாநிலம் ரேஷனில் வேறு வழியில் போனது. 1997இல் மத்திய அரசு ஏழைகளைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோதும், இங்கே அட்டைதாரர்களை அப்படிப் பிரிக்கவில்லை. வசதியானவர்கள் பலர் தாங்களாகவே சர்க்கரை அட்டைக்குப் போனார்கள். அரிசி அட்டை வைத்திருந்தும் வரிசைப் பக்கம் வராதவர்கள் உண்டு. சல்லடை இல்லாமலே சலித்தாயிற்று.

பணத்துக்கு இது செல்லாது. கணக்கில் விழும் ஆயிரத்தை வேண்டாம் என்பார் எவரும் இல்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பணக்காரரிடம் வருமான வரியில் திரும்ப வாங்கலாம் என்கிறார்கள் ஆதரவாளர்கள். வரி கட்டுபவர்களே சிறுபான்மையாக உள்ள நாட்டில், சொந்த பங்களா இருந்தும் வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவரிடம் எப்படி வாங்குவது?