மலையில் சுடும்போது தோட்டா ஏன் மேலே போகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

கீழே நின்றுகொண்டு மலைமேல் இருக்கும் குறியைச் சுட்டால் தோட்டா எங்கே படும்? மேலே நின்றுகொண்டு பள்ளத்தில் இருக்கும் குறியைச் சுட்டால் எங்கே படும்? பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். மேலே பார்த்துச் சுட்டால் தாழ்ந்து படும், கீழே பார்த்துச் சுட்டால் உயர்ந்து படும் என்பார்கள். ஏறுவது தோட்டாவுக்குச் சிரமம், இறங்குவது சுலபம் என்று காரணமும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நடப்பது வேறு. ஏற்றமோ இறக்கமோ, இரண்டிலுமே தோட்டா குறிக்கு மேலேதான் போகும்.

நான் படையில் ரைஃபிள் பயிற்சி கொடுத்தவன். நம் குமரி மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் போகிற பிள்ளைகள் ஏராளம். கடலோர ஊரில் பிறந்து, சமதரை ரேஞ்சில் சுட்டுப் பழகி, அப்புறம் காஷ்மீருக்கோ சிக்கிமுக்கோ போகிறார்கள். அங்கே சமதரை என்பதே அபூர்வம். இன்று நான் சொல்லப்போவது அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படிக்கிறவர்களுக்கும், அந்தப் பாடம் வகுப்பறைக்கு வெளியே எங்கே வேலைசெய்கிறது என்று பார்க்க இது ஒரு நல்ல இடம்.

முதலில் சமதரையை எடுத்துக்கொள்வோம். குழலை விட்டு வெளியே வந்த கணத்திலேயே தோட்டா விழத் தொடங்கிவிடுகிறது. நம் படையில் இருக்கும் டிராகுனோவ் ரைஃபிளின் தோட்டா நொடிக்கு ஏறக்குறைய 830 மீட்டர் வேகத்தில் கிளம்பும். போகப் போகக் காற்று அதன் வேகத்தைக் குறைக்கும். 450 மீட்டரைச் சற்றுத் தாண்டுவதற்குள் சுமார் 0.7 நொடி ஆகிவிடும். அந்த 0.7 நொடியில், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், எந்தப் பொருளும் 2.4 மீட்டர் விழும். கையிலிருந்து நழுவிய கல்லுக்கும் அதே கணக்குதான். அதனால்தான் குழல் குறியைவிடச் சற்று உயரத்தை நோக்கி இருக்கும்படி, குறிபார்க்கும் கருவியான சைட்டை அமைக்கிறோம். தோட்டா ஏறி, வளைந்து, இறங்கிக் குறியில் படுகிறது. அந்தத் தூரத்துக்குத் துப்பாக்கியை ஜீரோ செய்வது என்று சொல்வது இதைத்தான்.

இப்போது அதே துப்பாக்கி, அதே தூரம், ஆனால் குறி 30 டிகிரி ஏற்றத்தில் இருக்கிறது. என்ன மாறுகிறது? தோட்டா இப்போதும் 2.4 மீட்டர் விழத்தான் செய்கிறது. ஆனால் பூமி அதை இழுப்பது செங்குத்தாக. நாம் எந்தச் சரிவில் படுத்திருக்கிறோம் என்பது பூமிக்குப் பொருட்டே இல்லை. சமதரையில் நம் பார்வைக் கோடும் தோட்டா விழும் திசையும் ஒன்றுக்கொன்று செங்கோணம். அதனால் விழுந்த அளவு முழுவதும் குறியில் தெரியும். சரிவில் அந்தச் செங்கோணம் போய்விடுகிறது. விழுகிற அளவில் ஒரு பங்கு பார்வைக் கோட்டுக்குக் குறுக்காகவும், மிச்சம் அந்தக் கோட்டின் வழியாகவும் பிரிந்துவிடும். குறுக்காக வருகிற பங்கு மட்டுமே தோட்டாவைக் குறிக்குக் கீழே இறக்கும். 30 டிகிரிக்கு அது 2.08 மீட்டர். நாமோ சைட்டில் 2.4 மீட்டருக்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். மிச்சம் 32 சென்டிமீட்டர். அவ்வளவும் குறிக்கு மேலே.

இது எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள். பன்னாட்டுப் போட்டியில் 300 மீட்டர் குறிப்பலகையின் கறுப்பு வட்டம் 60 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. அப்படி ஒரு பலகையை அங்கே நட்டு, நடு மையத்தில் குறிவைத்து, கை நடுங்காமல், மூச்சை அடக்கிச் சுட்டாலும் தோட்டா கறுப்பை விட்டே வெளியே போய்விடும். சுட்டவர் செய்த எல்லாமே சரி. கணக்கு ஒன்றுதான் விட்டுப்போனது.

குறி 30 டிகிரி பள்ளத்தில் இருந்தாலும் இதே 2.08தான், இதே 32தான். ஏற்றத்தில் தோட்டா வேகம் இழக்குமே, இறக்கத்தில் வேகம் கூடுமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த 0.7 நொடியில் சரிவு காரணமாக வேகம் மாறுவது நொடிக்கு மூன்று, நான்கு மீட்டர் அளவுக்குத்தான். அதே நேரத்தில் காற்றின் தடை இருநூறு மீட்டருக்கும் மேலே பறித்துவிடுகிறது. அதன் முன்னால் இது ஒரு பொருட்டே இல்லை.

சரி, திருத்துவது எப்படி? சுவரில் ஏணி சாய்த்திருக்கிறோம் என்று வையுங்கள். ஏணியின் நீளம் ஒன்று, ஏணியின் கால் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது வேறொன்று. மலையில் குறிக்கும் நமக்கும் இடையே நேராக அளக்கும் தூரம் ஏணியின் நீளம் மாதிரி. தரையோடு அளக்கும் கிடைத்தூரம் அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் உள்ள விகிதத்துக்குத்தான் பள்ளிக்கூடத்தில் கொசைன் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். 10 டிகிரிக்கு அது 0.98. 20 டிகிரிக்கு 0.94. 30க்கு 0.87. 45க்கு 0.71. 60 டிகிரி என்றால் சரியாகப் பாதி.

பழைய வழக்கம் என்னவென்றால், நேர்த்தூரத்தை இந்த எண்ணால் பெருக்கி, வருகிற கிடைத்தூரத்துக்குச் சைட்டை வைப்பது. 500 மீட்டர், 30 டிகிரி என்றால் 433 மீட்டருக்கு வைத்துச் சுட வேண்டும். மனக்கணக்காகச் செய்யலாம், மிதமான தூரத்துக்கும் மிதமான சரிவுக்கும் போதும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. தோட்டா காற்றைக் கிழித்துப் போவது 433 மீட்டர் அல்ல, முழு 500 மீட்டர். அதற்கான நேரம் முழுவதும் விழுந்துகொண்டேதான் போகிறது. அதனால் இந்த முறை அளவுக்குமேல் திருத்திவிடும். தூரம் கூடக் கூட, சரிவு கூடக் கூட, தோட்டா தாழ்ந்து படத் தொடங்கும். என் பரிந்துரை இரண்டாவது முறைதான். தூரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்குச் சமதரையில் தோட்டா எவ்வளவு விழுமோ அந்த அளவைக் கொசைனால் பெருக்குங்கள். துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கிதான் ஸ்கோப், அதன் திருகு ஒரு படி நகர்வது ஒரு கிளிக். 40 கிளிக் ஏற்ற வேண்டிய தூரம் என்றால், 30 டிகிரி சரிவில் ஏறக்குறைய 35 கிளிக். உண்மைக்கு மிகவும் கிட்டே வரும்.

கோணத்தை எப்படி அளப்பது? கண் மதிப்பை நம்பவே நம்பாதீர்கள். சரிவைப் பார்க்கும்போது நம் கண் எப்போதும் கூட்டித்தான் சொல்லும். கன்னியாகுமரிக் கரையில் நின்று வள்ளுவர் சிலையின் உச்சியைப் பாருங்கள். 133 அடி உயரம், அண்ணாந்து பார்க்கிற உணர்வு வரும். ஆனால் சிலை கரையிலிருந்து அரை கிலோமீட்டர் அளவில் இருப்பதால் கோணம் ஏறக்குறைய ஐந்து டிகிரிதான். அதற்குத் திருத்தமே தேவையில்லை. மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு வாருங்கள். 115 அடி, அதாவது சுமார் 35 மீட்டர். அதன் உயரமான தூணிலிருந்து 60 மீட்டர் தள்ளி, தூணின் அடிமட்டத்திலேயே நின்று மேலே பார்த்தால் அதுதான் 30 டிகிரி. கழுத்து வலிக்கும். 30 டிகிரி என்பது எவ்வளவு செங்குத்து என்று அப்போதுதான் புரியும்.

ஒரு நேரான கம்பு, ஒரு பள்ளிக்கூடக் கோணமானி, கொஞ்சம் நூல், ஒரு நட்டு. இவ்வளவும் போதும். கோணமானியின் நேர்விளிம்பைக் கம்போடு பொருத்தி, நடுப்புள்ளியில் நூலைக் கட்டி நட்டைத் தொங்கவிடுங்கள். கம்பு மட்டமாக இருக்கும்போது நூல் 90ல் நிற்கும். கம்பின் வழியே குறியைப் பார்க்கும்போது 90லிருந்து எத்தனை டிகிரி விலகுகிறதோ அதுவே சரிவு. கொத்தனாரின் தூக்குக் குண்டு செய்கிற வேலைதான். பீரங்கிக்காரர்களுக்கு இது மிகப் பழைய கருவி. இத்தாலியக் கணித அறிஞர் தர்தாலியா 1537லேயே தூக்குநூல் கட்டிய இப்படியொரு கருவியை விளக்கியிருக்கிறார். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், பின்னாளில் நம் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறையை மேற்பார்த்தவர். கோணமும் எறிதூரமும் நம் மண்ணுக்குப் புதிய கணக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

காற்றுக்கு வருகிறேன். இங்கேதான் கணக்குத் தெரிந்தவர்கள்கூடச் சறுக்குகிறார்கள். விழும் அளவைத்தான் சரிவு குறைக்கும். பக்கக் காற்று தள்ளுவதை அது குறைக்காது. தோட்டா காற்றில் இருப்பது முழு 500 மீட்டருக்கான நேரம், ஆகவே காற்றுக்கான திருத்தமும் முழு 500 மீட்டருக்கே. கிடைத்தூரம் 433 என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் காற்றையும் 433க்கே கணக்குப் போட்டால் தோட்டா ஓரம் போய்விடும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவத்தில் இரண்டு மலைகளுக்கு இடையே புகுந்து அது எப்படி வேகமெடுக்கிறது என்பதற்கு முப்பந்தலின் காற்றாலைகளே சாட்சி. மலையில் இன்னொன்றும் உண்டு. பள்ளத்துக்கு மேலாகச் சுடும்போது தோட்டா தரையிலிருந்து வெகு உயரத்தில் பறக்கிறது. நம் காதோரம் உணர்கிற காற்று வேறு, நடுப்பள்ளத்துக்கு மேலே அடிக்கிற காற்று வேறு. சரிவில் மோதி மேலெழும் காற்று தோட்டாவை உயரத் தூக்கவும் செய்யும்.

உயரமும் சேர்ந்துகொண்டால் பிழை இரட்டிக்கிறது. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். தடை குறைவு, தோட்டா சீக்கிரம் போய்ச் சேரும், குறைவாக விழும். 1999 கார்கிலில் நம் வீரர்கள் இந்த உயரங்களில்தான் செங்குத்துச் சரிவுகளில் மேல்நோக்கிச் சுட்டுக்கொண்டே ஏறினார்கள். அங்குள்ள டைகர் ஹில் சிகரம் 5,000 மீட்டருக்கும் மேல். அங்கே சரிவும் தோட்டாவை மேலே அனுப்பும், மெல்லிய காற்றும் மேலே அனுப்பும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கிற பிழை. ஆகவே மலைக்குப் போகிற பிள்ளை அந்த உயரத்திலேயே மறுபடி ஜீரோ செய்வதுதான் சரி. எந்தத் தூரத்துக்குச் சைட்டை எவ்வளவு வைப்பது என்று ஊரில் எழுதிய அட்டவணை அங்கே உதவாது.

சரிவில் படுக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும், அதோடு துப்பாக்கியும் சாயும். சாய்ந்த துப்பாக்கி தோட்டாவைச் சாய்ந்த பக்கமே கொண்டுபோகும், கொஞ்சம் தாழ்த்தவும் செய்யும். ஸ்கோப்பின் மேல் ஒரு சிறு ரசமட்டம் பொருத்தினால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இதெல்லாம் உரிமம் பெற்ற ரேஞ்சிலும் படைப் பயிற்சியிலும் செய்ய வேண்டியவை. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காடெல்லாம் வன உயிரினச் சரணாலயம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டை குற்றம்.

கடைசியாக, லேசர் தூரமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் கருவிகள் பல, கோணத்தையும் தாமே அளந்து திருத்திய தூரத்தையே திரையில் காட்டிவிடுகின்றன. சில கருவிகள் நேர்த்தூரத்தை மட்டும் காட்டும், சிலவற்றில் இரண்டும் மாறி மாறி வரும். உங்கள் கருவி எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் அதை மறுபடியும் கொசைனால் பெருக்கினால் திருத்தம் இருமுறை ஏறிவிடும், தோட்டா குறிக்கு முன்னால் மண்ணில் விழும். கையேட்டைத் திறந்து, அமைப்பை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு மலையேறுங்கள். வணக்கம்.